முள்ளுப்பந்தும் எட்டுச் சட்டிகளும்

எனக்கு முதல் வேலை கிடைத்தது ஒரு முட்செடியால். அந்த வேலை கையை விட்டுப் போகாமல் பார்த்துக்கொண்டவர் எண்ணூரில் கருவாடு காயவைத்து விற்ற ஒரு பெண். வயதாக ஆக மற்ற பல முகங்கள் மங்கிவிட்டன. அவர் முகம் மட்டும் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கிற மாதிரியே நிற்கிறது.

சுதந்திரம் வந்து நாலைந்து வருடம் ஆகியிருந்தது. நாங்கள் வியாசர்பாடியில் குடியிருந்தோம். நைனா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். வீட்டுச் சுவரில் புத்தர் படம் ஒன்றுதான். அதற்குக் கீழே என் பட்டமளிப்புப் போட்டோவை மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் நைனா காட்டுவார். ஸ்காலர்ஷிப்பில் விலங்கியல் படித்திருந்தேன். எங்கள் தெருவில் பி.எஸ்ஸி. படித்த முதல் ஆள் நான்தான். படித்த பிறகு ஒரு வருடம் சும்மா இருந்தேன். அதன் பிறகு பூச்சிகளைப் பற்றி ஆராய்கிற ஓர் அலுவலகத்தில் ஆறு மாதத் தற்காலிக வேலை கிடைத்தது.

என் அதிகாரி ஐம்பதைத் தாண்டியவர். அதிகம் பேசமாட்டார். முதல் நாள் என் முன்னால் ஒரு தாளை வைத்தார். அதில் காய்ந்து தட்டையான ஒரு செடி ஒட்டியிருந்தது.

"நெல்லைத் தின்னும் பூச்சி, கரும்பைத் தின்னும் பூச்சி, பருத்தியைத் தின்னும் பூச்சி எல்லாவற்றையும் பற்றி எழுதியாகிவிட்டதம்மா. தரிசில் தானாக முளைக்கிற இதை யாரும் கவனிக்கவில்லை. இது நம் மண்ணிலேயே பிறந்த செடி. இத்தனை முள் இருக்கிறது, ஆடு மாடு தொடாது. அப்படியானால் இது ஊர் முழுக்கப் பரவியிருக்க வேண்டும். பரவவில்லை. யாரோ இதை அளவாகத் தின்றுகொண்டிருக்கிறார்கள். யாரென்று பார்த்து வாருங்கள்."

எங்கே போய்ப் பார்ப்பது என்று கேட்டேன். வடக்கே கடலோர மணலில் பார்த்ததாக நினைவு என்றார்.

மார்கழி மழை விட்டதும் தேட ஆரம்பித்தேன். பேசின் பிரிட்ஜில் கும்மிடிப்பூண்டி பாசஞ்சர் பிடிப்பேன். ஒரு நாள் திருவொற்றியூரில் இறங்கி நடந்தேன். ஃபேக்டரி மதில்களும், கரி கொட்டிய மைதானங்களும்தான் இருந்தன. மூன்றாவது நாள் எண்ணூரில் இறங்கி, தண்டவாளத்தோடு தெற்கே திரும்பி நடந்தபோது, உப்பளத்துக்குப் போகும் பாதைக்கும் மீனவர் குப்பத்துக்கும் நடுவில் அந்தச் செடி கூட்டமாக நின்றது. முழங்கால் உயரம்கூட இல்லை அப்போது. இலையின் மேல்புறம் பச்சை. அடிப்புறம் பஞ்சை ஒட்டிவைத்தாற்போல் வெள்ளை. ஓரமெல்லாம் முள். ஒவ்வொரு கிளை நுனியிலும் கோலிக்குண்டு அளவில் ஒரு முள்பந்து உருவாகிக்கொண்டிருந்தது.

அந்த இடத்துக்குச் செவ்வாயும் வெள்ளியும் போவது என்று வைத்துக்கொண்டேன். அம்மாவுக்குப் பயம்தான். "தனியா ஒரு பொம்பளப் புள்ள, ரயிலேறி மணல்காட்டுக்குப் போவுதாம், பூச்சி புடிக்க. கேக்கறவங்களுக்கு இன்னா பதில் சொல்றது?" என்றார். மறுநாள் நைனா பட்டறையிலிருந்து வரும்போது, வெல்டிங் வேலைக்குப் போட்டுத் தேய்ந்துபோன ஒரு ஜோடித் தோல் கையுறையை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வந்தார். என் முழங்கை வரை வந்தது அது. விரல்கள் ஒவ்வொன்றும் வாழைக்காய் மாதிரி இருந்தன. "முள்ளு குத்தாது" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்ன உத்தரவு. அம்மாவும் அதற்குப் பிறகு மறுப்புச் சொல்லவில்லை.

இருபது செடிகளைத் தேர்ந்தெடுத்து, அம்மாவின் பழைய சிவப்புப் புடவையைக் கிழித்து ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு கட்டினேன். ஒவ்வொரு முறையும் அந்த இருபதையும் இலை இலையாகப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். முதல் வாரம் ஒன்றுமே தெரியவில்லை. இரண்டாம் வாரம் கண் பழகியது. பந்துக்குக் கீழே தண்டில் அசுவினி அப்பியிருந்தது. எறும்புகள் அதைச் சுற்றிக் காவல் நின்றன. இலைகளை நூலால் சேர்த்துக் கட்டி அதற்குள் ஒரு முள்ளுக் கம்பளிப்புழு குடியிருந்தது. அதில் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்து போர்ன்விடா டப்பாவில் வளர்த்தேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஆரஞ்சும் கறுப்புமாக ஒரு பட்டாம்பூச்சி வந்தது. இறக்கை காய்ந்து அது பறக்கும்வரை நைனா வேலைக்குப் போகாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பட்டறைக்கு ஓடினார்.

தை போய் மாசி பிறந்தது. பந்துகள் எலுமிச்சம்பழ அளவுக்குப் பெருத்து, வெளிர் நீலத்தில் பூக்கத் தொடங்கியிருந்தன. ஒரு வெள்ளிக்கிழமை போய்ப் பார்க்கிறேன், என் செடிகளைக் காணோம்.

மற்ற செடிகள் அப்படியே நின்றன. நான் துணி கட்டிய இருபது மட்டும் அடியோடு அறுக்கப்பட்டிருந்தன. கொஞ்சம் தள்ளி, குப்பத்து ஓரத்தில், ஒரு பெண் கருவாடு காயவைத்திருந்த மணல்திட்டைச் சுற்றி வேலி மாதிரி அவை அடுக்கிக் கிடந்தன. சிவப்புத் துணி ஒன்று இன்னும் ஒரு தண்டில் ஆடிக்கொண்டிருந்தது. நாயும் பன்றியும் கருவாட்டில் வாய் வைக்காமல் இருக்க முள்வேலி. காக்காய் வராமலிருக்க மேலே பழைய வலை.

ஆறு வார வேலை. வேலிக்குப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தேன். அழுகை வந்துவிட்டது.

"யாரும்மா நீ? இன்னாத்துக்கு என் வேலியாண்ட குந்திக்கினு அழுவுற?"

அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் நின்றார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். அலுவலகத்தில் நான் 'என்ன', 'இருக்கிறது' என்று நாக்கை மடித்து மடித்துப் பழகியிருந்தேன். வியாசர்பாடிப் பேச்சு வந்துவிடக் கூடாது என்று வாய் திறப்பதற்கு முன் யோசிப்பேன். அன்றைக்கு யோசிக்கவில்லை.

"இத்த ஏன்க்கா வெட்டின? அது உன்ன இன்னா பண்ணுச்சு? வேற செடியே கெடைக்கலியா உனக்கு?"

அவர் முகம் மாறியது. "அட, நம்ம பேச்சு பேசுது! கம்பெனிக்காரங்க வூட்டுப் பொண்ணுன்னுல்ல நெனச்சேன்" என்றபடி பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. "போன வருசம் அந்தாண்ட ரெண்டு பேரு வந்து குச்சி நட்டு செவப்புத் துணி கட்டிட்டுப் போனாங்க. இப்பப் பாரு, மதிலு எழும்பிக்கினு கீது. அங்கதான் எங்க மாமியாரு கருவாடு போடும். இந்த வருசம் முந்தாநேத்துத்தான் இங்க கருவாடு போட வந்தேன், பார்த்தா இங்கியும் செவப்புத் துணி. வுட்ருவேனா? துணி கட்னது எல்லாத்தையும் தேடித் தேடி அறுத்துப்புட்டேன். அடையாளம் போச்சுன்னா அளவும் போச்சு இல்ல?"

நான் யார், எதற்கு வருகிறேன் என்று சொன்னேன்.

"பூச்சியா? பூச்சிக்கு ஒரு ஆபீஸா?"

"ஆமாக்கா."

"அத்தப் பார்க்க உனக்குச் சம்பளமா?"

"ஆமா. இப்ப அதுவும் போச்சு."

அவர் எழுந்து வேலியிலிருந்து ஒரு பந்தை அறுத்து, கருவாடு கீறுகிற கத்தியால் இரண்டாகப் பிளந்து என் முன்னால் நீட்டினார். "இத்தத்தான் தேடிக்கினு கீறியா?"

பந்தின் நடுவில், விதைகளைத் தின்று குடைந்த குழிக்குள், ஒரு வெள்ளைப் புழு 'சி' எழுத்து மாதிரி சுருண்டு கிடந்தது. அதுவரை நான் பந்துகளை வெளியிலிருந்துதான் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஆள் இருக்கும் என்று தோன்றவேயில்லை. அவரிடமிருந்து கத்தியை வாங்கி அடுத்ததைப் பிளந்தேன். அதிலும் ஒன்று. இன்னொன்றில் இரண்டு சிறிய புழுக்கள், வேறு ஜாதி. அழுதது மறந்துபோய்விட்டது. வேலி முழுவதையும் பிளந்துவிடுவேன் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். "போதும் போதும், நாயி வரும்" என்று கத்தியைப் பிடுங்கிக்கொண்டார்.

"உனக்கு எப்பிடிக்கா தெரியும்?"

"குருவிங்க வந்து என் வேலியக் கொத்திக்கினே இருக்கும். காஞ்ச முள்ளுல இன்னா கீதுன்னு ஒரு நாளு ஒடச்சிப் பார்த்தேன்."

குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார். நான் வாங்கத் தயங்கியதைப் பார்த்து, "எந்தப் பக்கம் நீ?" என்று கேட்டார். வியாசர்பாடி என்றேன். தெருப் பெயரையும் சொன்னேன். தண்ணீர் கொடுப்பவர்களிடம் அதை முன்னாலேயே சொல்லிவிடுவது என் பழக்கம். அவர் செம்பை இன்னும் கிட்டே நீட்டி, "ரெண்டு மணி நேரமா வெய்யில்ல குந்திக்கினு கீற. குடி மொதல்ல" என்றார். குடித்தேன். உப்புக் கரிக்கும் தண்ணீர். அதைவிட இனிப்பாக நான் எதையும் குடித்ததில்லை என்று எழுதினால் மிகை, ஆனால் மறக்கவில்லை.

அலுவலகத்துக்குப் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். அதிகாரி திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பந்துக்குள் புழு என்றதும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அப்படியானால் இனி செடியைப் பார்த்தால் போதாது. ஒவ்வொரு முறையும் ஐந்து பந்து அறுத்து வாருங்கள். ஜாடியில் போட்டு மூடி வைப்போம். உள்ளே இருப்பது வளர்ந்து வெளியே வரட்டும். பூவிலிருந்து விதை உதிரும்வரை ஒரு தடவைகூட விடக் கூடாது. எது எப்போது உள்ளே போகிறது, எப்போது வெளியே வருகிறது என்பதுதான் நமக்கு வேண்டியது. நடுவில் விட்டுப்போனால் அடுத்த வருடம்தான்." அடுத்த வருடம் எனக்கு அந்த அலுவலகத்தில் நாற்காலி இருக்காது என்பது இருவருக்கும் தெரியும்.

அக்காவும் நானும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். கிழக்குப் பாதிச் செடிகள் எனக்கு. மேற்குப் பாதி அவர் வேலிக்கு. இந்த முறை துணி எதுவும் கட்டவில்லை. செவ்வாயும் வெள்ளியும் நான் வரும்போது அவர் கருவாடு புரட்டிக்கொண்டிருப்பார். என் கையுறையைப் பார்த்துச் சிரிப்பார். "இது எந்த ஆனைக்குத் தெச்சது?" என்று ஒரு தரம் போட்டுப் பார்த்தார், அப்புறம் வெறும் கையாலேயே, முள் படாத இடமாகப் பார்த்து இரண்டு விரலால் பிடித்து, ஐந்து பந்தையும் நொடியில் அறுத்துக் கொடுத்தார். அதன் பிறகு அறுப்பது அவர், எழுதுவது நான். அவர் வீட்டுக்காரர் கட்டுமரத்தில் போகிறவர். மத்தியானத்தில் வந்து வேலி நிழலில் படுத்திருப்பார். நான் போனால் எழுந்து, "பூச்சியம்மா வந்தாச்சு" என்று இடம் விடுவார்.

பங்குனி முதல் வாரத்தில் எனக்கு ஜுரம் கண்டது. முதலில் வெயில் என்று நினைத்தோம். நாலாம் நாள் டாக்டர் விஷ ஜுரம் என்றார். வியாசர்பாடியில் அந்த வருடம் தண்ணீர் மோசம். எத்தனை நாள் நினைவில்லாமல் கிடந்தேன் என்று எனக்கே தெரியாது. நினைவு வந்தபோது முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. அம்மா கஞ்சித் தெளிவு ஊட்டினார். நான் முதலில் கேட்டது, "இன்னிக்கு இன்னா கெழமை?" அம்மா அழுதுகொண்டே சொன்னார். அடுத்து மாதம் கேட்டேன். சித்திரை பிறக்க நாலு நாள் இருந்தது.

ஒரு மாதம். எட்டு முறை போகவேண்டிய இடத்துக்கு ஒரு முறைகூடப் போகவில்லை. பூவெல்லாம் விதையாகி உதிர்ந்திருக்கும். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நைனா பக்கத்தில் உட்கார்ந்து, "வேல போனா இன்னாம்மா, நீ கெடச்சே" என்றார். அவர் சொன்னது உண்மை. அன்றைக்கு அது எனக்குப் போதவில்லை.

நடக்கத் தெம்பு வந்ததும் எண்ணூருக்குத்தான் போனேன். மிஞ்சியிருப்பது எதுவானாலும் எடுத்துக்கொண்டு போய் அதிகாரி முன்னால் வைத்து, விடுபட்டது என்று சொல்லிவிட வேண்டும். நைனா லீவு போட்டுக் கூட வந்தார். செடிகள் பழுப்பேறி மொட்டையாக நின்றன. பந்துகள் சிதறி வெறும் குமிழ்கள்தான் மிச்சம். என்னைப் பார்த்ததும் அக்கா ஓடிவந்தார். தலையைத் தொட்டார், கன்னத்தைத் தொட்டார்.

"இன்னாடி இது, பாதி ஆளா கீற? ஜுரமா?"

தலையாட்டினேன்.

"அதான். நெனச்சேன். வராத ஆளு இல்லியே இதுன்னு." பிறகு சட்டென்று நினைவு வந்தவர்போல், "வா வா, உன் சாமானெல்லாம் வூட்ல எடத்த அடச்சிக்கினு கீது. மொதல்ல அத்த எடுத்துக்கினு போ" என்றார்.

குடிசைக்குள் பரணுக்குக் கீழே வரிசையாக எட்டு மண்சட்டிகள். ஒவ்வொன்றின் வாயிலும் வேட்டித் துணி இறுக்கிக் கட்டியிருந்தது. கட்டிய கயிறு ஒவ்வொன்றிலும் முடிச்சு. முதல் சட்டிக் கயிற்றில் ஒரு முடிச்சு, அடுத்ததில் இரண்டு. கடைசிச் சட்டியில் எட்டு.

"செவ்வா ஒண்ணு, வெள்ளி ஒண்ணு. சட்டிக்கு அஞ்சு பந்து. எட்டோட பந்தும் தீந்துபோச்சு. நீ அறுக்கற பக்கமாத்தான் அறுத்தேன். எனக்கு எழுதத் தெரியாது இல்ல? அதான் முடிச்சு. மொத சட்டிக்கு வலைத் துண்டு கட்டினேன், வண்டு வெளிய வந்து ஓடிப்போச்சு ஒண்ணு. அப்பால துணி மாத்திட்டேன். ஒண்ணுதான் போச்சு. கோச்சுக்காத."

ஒரு சட்டியைத் தூக்கிக் காதருகே வைத்தேன். உள்ளே சுரண்டுகிற சத்தம் கேட்டது. துணியை மெல்ல விலக்கிப் பார்த்தோம், நைனாவும் நானும். சாம்பல் பூசியது போல் உடம்பு, யானைத் தும்பிக்கை மாதிரி நீண்ட மூக்கு. நாலு கூன் வண்டுகள், பந்திலிருந்து உதிர்ந்த பஞ்சுக்கு மேல் ஊர்ந்துகொண்டிருந்தன. இறக்கையில் கறுப்புப் பொட்டுப் போட்ட சின்ன ஈ ஒன்று துணியின் உட்புறம் ஒட்டியிருந்தது.

"நான் வரமாட்டேன்னு தோணலியாக்கா?"

"வரேன்னு சொன்ன இல்ல?" என்றார், கேள்வியே புரியாதவர் மாதிரி.

நைனா வெளியே போய்க் கடலைப் பார்த்து நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உள்ளே வந்தார்.

எனக்குச் சட்டிகளைத் தூக்கத் தெம்பில்லை. நைனா கையிலும் எட்டு அடங்காது. அக்கா கருவாட்டுக் கூடையில் வைக்கோல் போட்டு எட்டையும் அடுக்கி, தலையில் ஏற்றிக்கொண்டார். "நட. அந்தப் பூச்சி ஆபீஸத்தான் நானும் பாக்கறேனே." ரயிலில் எங்களைச் சுற்றி இடம் தானாகக் காலியானது. கருவாட்டு வாசம். சென்ட்ரலில் டிராம் கண்டக்டர் கூடையைப் பார்த்ததுமே கையை ஆட்டிவிட்டார். மூன்று பேரும் நடந்தோம். நடுவில் இரண்டு இடத்தில் எனக்காக உட்கார்ந்தோம்.

அலுவலக வாசலில் பியூன் மறித்தார். "கூடைக்காரி எல்லாம் பின்பக்கம். இங்கே மீன் வாங்க மாட்டாங்க."

"மீனு இல்ல அண்ணாத்த, பூச்சி கொண்டாந்துகீறேன். எட்டுச் சட்டி" என்றார் அக்கா.

பியூன் என்னைப் பார்த்தார். முடி கொட்டி மெலிந்த என்னை அவருக்கு அடையாளமே தெரியவில்லை. சத்தம் கேட்டு அதிகாரி வெளியே வந்தார். என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்து, "உட்காருங்கள் முதலில்" என்றார். பிறகு கூடையைப் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். ஒரு மாதம் நான் போகவில்லை என்பதையும், இவற்றில் ஒன்றைக்கூட நான் சேகரிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன். வழியெல்லாம் அதைச் சொல்லாமல் விடலாமா என்று ஒரு ஆசை இருந்தது. அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர் குனிந்து கயிறுகளைத் தொட்டுப் பார்த்தார். முடிச்சுகளை எண்ணினார். நாட்காட்டியை வரவழைத்து, ஒவ்வொரு சட்டிக்கும் தேதி எழுதினார். பியூனிடம் ஒரு நாற்காலி கொண்டுவரச் சொன்னார்.

"நீங்க உட்காருங்கம்மா" என்றார் அக்காவிடம்.

"இல்ல சாமி, வாசம் அடிக்கும்."

"எனக்கு ஜலதோஷம். ஒன்றும் தெரியாது. உட்காருங்கள்."

அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அதிகாரி கேள்வி கேட்டார், அக்கா பதில் சொன்னார். வண்டு காலையில் வருமா, வெயிலிலா? மழைக்காலத்தில் எங்கே போகும்? குருவிகள் எந்தப் பந்தைக் கொத்தும்? தெரிந்ததைச் சொன்னார், தெரியாததற்கு "அத்த நான் பார்க்கல" என்றார். அந்தப் பதில் வரும்போதெல்லாம் அதிகாரி தலையை ஆட்டினார். கடைசியில் அக்கா தன் பங்குக்கு ஒன்று கேட்டார்:

"என் கருவாட்டுலயும் ஒரு வண்டு வுழுது. அதுக்கு எதுனா மருந்து கீதா? பக்கத்து வூட்ல வெள்ளப் பொடி தூவறாங்க."

அதிகாரி அவசரமாகக் கையை ஆட்டினார். "வேண்டாம் வேண்டாம். அது விஷம். கருவாடு மனிதர்கள் தின்கிற பொருள். உப்பைக் கூட்டிப் போடுங்கள். நன்றாக வெயிலில் காய விடுங்கள்."

"அது எங்க ஆயாவுக்கே தெரியுமே" என்றார் அக்கா. அதிகாரி சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பூச்சிகளை ஊசியில் குத்தி வைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் கீழே நகத்தளவு ஒரு சீட்டு வைப்பது வழக்கம். எந்த ஊர், எந்தத் தேதி, யார் சேகரித்தது என்று அதில் இருக்கும். அந்த எட்டுச் சட்டியில் வந்தவற்றுக்குச் சீட்டு எழுத அதிகாரி என்னிடம் விடவில்லை. மெல்லிய நிப்பை மையில் தோய்த்து, "உங்கள் பெயர் என்னம்மா?" என்று கேட்டு, அக்காவின் பெயரைத் தானே எழுதினார். வண்டு வண்டாக, ஈ ஈயாக. நாற்பது சீட்டுக்கு மேல் இருக்கும்.

ரயிலடியில் விடைபெறும்போது அக்கா திரும்பத் திரும்பக் கேட்டார். "நெஜமாவா? என் பேர பூச்சிக்கா எழுதி வச்சாங்க? எங்க வூட்டுக்காரு கேட்டா நம்பாது."

ஆறு மாதம் முடிந்தபோது என்னை நிரந்தரமாக்கினார்கள். ஆணை வந்த தாளை நைனா புத்தர் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, பட்டறை ஆட்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நான் அந்தச் செடியைத் தின்னும் ஏழெட்டு வகைப் பூச்சிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். அக்காவுக்கு நன்றி என்று அதன் கடைசியில் ஒரு வரி போட்டேன். அச்சில் அந்த வரி இல்லை. இடம் போதாமல் யாரோ எடுத்துவிட்டார்கள். நான் அதைப் பற்றிச் சண்டை போட்டிருக்கலாம். போடவில்லை, வேலைக்குப் புதிது, பயம். அந்த வரியை விட்டுக்கொடுத்தது எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன் என்றும் சொல்லலாம்.

அக்காவிடம் அதை மறைக்கவில்லை. போய்ச் சொன்னேன். அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. அப்போது அவர் கவலை வேறு. நிஜமான நில அளவைக்காரர்கள் வந்துவிட்டிருந்தார்கள். அடுத்த மழைக்குள் முட்செடி நின்ற இடத்தைச் சுற்றிக் கம்பி வேலி எழுந்தது. குப்பத்துக்காரர்கள் ஒன்றுசேர்ந்து கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுத்தார்கள். அந்த மனுவை எழுதிக் கொடுத்தது நான். குடிசைகள் தப்பின, கருவாட்டுத் திட்டில் பாதி போயிற்று. மீதிப் பாதியில் அக்கா முன்னைவிட நெருக்கி நெருக்கிக் காயவைத்தார். செடிகள் தண்டவாள ஓரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மிஞ்சின. வண்டுகள் அங்கேயும் வந்தன, நான் பார்த்தேன்.

அதற்கு அடுத்த வருடம் எனக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் ஆனது. சொல்லிக்கொள்ளப் போனேன். அக்காவுக்கு ஐப்பசியில் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. "இத்தினி வருசம் வந்துகினு கீற, ஒரு நாளாவது தண்ணியில ஏறினியா நீ?" என்று கேட்டு, கையைப் பிடித்து இழுத்துப்போய், உப்பங்கழியில் கட்டியிருந்த தோணியில் ஏற்றினார். நான் அதற்கு முன்னால் எந்தத் தோணியிலும் ஏறியதில்லை. பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் வீட்டுக்காரர் மூங்கில் கழியால் தள்ள, தோணி உப்பளங்களைத் தாண்டி முகத்துவாரம் வரைக்கும் போனது. அங்கே தண்ணீரின் நிறம் மாறியது. அலைச் சத்தம் வந்தது. "இதுக்கு மேல வேணாம், பூச்சியம்மா பயந்துக்கும்" என்று அவர் தோணியைத் திருப்பினார்.

திரும்பி வரும்போது அக்கா குழந்தையை என் மடியில் போட்டார். கொஞ்ச நேரத்தில் அது தூங்கிவிட்டது. கரை தட்டியபோது எனக்குக் கால் இரண்டும் மரத்துப் போயிருந்தன. எழுந்தால் குழந்தை விழித்துக்கொள்ளும். அவர் வீட்டுக்காரர் பீடி ஒன்றைப் பற்றவைத்தார். அக்கா கால்களைத் தண்ணீரில் தொங்கப் போட்டுக்கொண்டார். அது தானாக எழுந்திருக்கட்டும் என்று எல்லோரும் தோணியிலேயே உட்கார்ந்திருந்தோம்.